மாசி மகத்துக்குள்ளே பதில் போடு

விருத்தாசலம்
10-9-2024

கயலு,

நான் நல்லா இல்லை. நீ நல்லா இருக்கியான்னு கேக்க இன்னைக்கு எனக்கு மனசு வரலை. நீ நல்லா இருக்கிறதைத்தான் ஊரே உக்காந்து பார்த்துச்சே.

ஞாயித்துக்கிழமை அன்பரசிக்கு நிச்சயம். உங்க சின்ன ஆயா பானுமதியோட பேத்திக்கு. பானுமதி எனக்குக் கொழுந்தன் பொண்டாட்டி, பக்கத்து வூட்டுக்காரி, என் தலையெழுத்து. பந்தி முடிஞ்சு எல்லாரும் வெத்தலை போட்டுக்கிட்டு இருந்த நேரம். அவ போனை எடுத்தா. "அக்கா, உன் பேத்தி டீச்சரம்மாவைப் பார்த்தியா?"ன்னு கேட்டா. நான் ஆசையா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டேன். போட்டிருக்கவே கூடாது.

ஃபேஸ்புக்குல வந்த போட்டோவாம். ரோட்டோரம். ராத்திரி. அங்கன்வாடியில பிள்ளைங்க உக்காருமே, அந்த உசரத்துல ஒரு பிளாஸ்டிக் முக்காலி. அதுல காலை மடக்கிக்கிட்டு நீ உக்காந்திருக்கே. கையில்லாத சட்டை. கையில கிளாஸு. கிளாஸுக்குள்ள மஞ்சத் தண்ணி, மேல நுரை. சுத்தி ஏழெட்டுப் பேரு. ஒருத்தன் வெள்ளைக்காரன், ஒருத்தன் கறுப்பா நெட்டையா, இன்னொரு பயல் உன் தோள்மேலயே கையைப் போட்டிருக்கான். எல்லாரும் கிளாஸைத் தூக்கி முட்ட வெச்சுக்கிட்டு இருக்கீங்க. நீ சிரிக்கிற சிரிப்புல கடைவாய்ப் பல்லு தெரியுது. வாயில இருந்த வெத்தலையைத் துப்பவும் தெரியலை, முழுங்கவும் தெரியலை.

"அந்த ஊருல அப்படித்தான் போலிருக்குது, நாம ஏன் தப்பா நெனைக்கணும்"னு பானுமதி சொல்றா. தப்பா நெனைக்காதவ எதுக்குப் போனைக் கடைசி வரிசை வரைக்கும் நீட்டினா? மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வரைக்கும் கை மாறிப் போயிட்டு வருது அந்தப் போனு. என் பச்சைக்கரைப் பொடவையை இரவல் வாங்கிட்டுப் போயி சாம்பார் கறையோட திருப்பிக் குடுத்தவ அவ. நீ பொறக்கவே இல்லை அப்ப. நான் மறந்துட்டேன்னு அவ நெனைச்சுக்கிட்டு இருக்கா.

உன்னை இங்கிலீஷு சொல்லிக் குடுக்கத்தானே அனுப்பினோம்? உங்கப்பன் பீங்கான் சூளைச் சூட்டுல நின்னு படிக்க வெச்சது இதுக்கா? பகல்ல பாடம் சொல்ற வாயி ராத்திரி என்ன குடிக்குது?

போன் பண்ணாதே. போன்னா உங்கம்மா ஸ்பீக்கர்ல போடுவா, நீ "ஆயா"ன்னு ஒரு இழுப்பு இழுப்பே, நான் ஏமாந்துடுவேன். காகிதத்துல எழுது. காகிதத்துல இழுக்க முடியாது. அட்ரஸை போஸ்ட் ஆபீஸு வளர்மதி இங்கிலீஷுல எழுதித் தரேன்னு சொல்லியிருக்குது.

அந்த கிளாஸுல இருந்தது என்னன்னு மாசி மகத்துக்குள்ளே எனக்கு ஒழுங்கா ஒரு பதில் வரணும். இல்லைன்னா மகத்தன்னைக்கு மணிமுத்தாத்துல உன் பேரைச் சொல்லித் தலை முழுகிடுவேன். என் கூடப் பொறந்த சாமிக்கண்ணுவுக்கே முழுகினவ நான். என் வளைகாப்புக்கு அஞ்சு வகை சோறு கொண்டாரச் சொன்னா நாலு வகையோட வந்து நின்னான். அவன் செத்ததுக்குக்கூட நான் போகலை. உனக்குத் தெரியும்.

இன்னைக்கு வரைக்கும் உன் ஆயாவா இருக்கிற
சொர்ணாம்பாள்


ஹுவே, வியட்நாம்
5-10-2024

அன்புள்ள ஆயா,

உன் கடுதாசியைப் பிரிச்சதும் பாச்சை உருண்டை வாசனை அடிச்சது. உன் பொடவைக்கு நடுவுல வெச்சிருந்த காகிதத்துல எழுதியிருப்பே. சந்தோஷமாப் படிக்க உக்காந்தேன். ரெண்டாவது வரியிலேயே எழுந்து நின்னுட்டேன்.

நேரா சொல்லிடறேன். அது பியர்தான்.

கரும்புச்சாறுன்னு எழுதியிருக்கலாம். இங்கே தெருவுக்குத் தெரு கரும்பு பிழியுறாங்க, நீயும் நம்பியிருப்பே. அப்படி எழுதி எழுதிக் கிழிச்சுப் போட்டேன். உன்கிட்டே பொய் எழுத வரலை.

ஒரு பயல் என் தோள்மேல கையைப் போட்டிருக்கான்னு எழுதியிருக்கே. அது பயல் இல்லை ஆயா. மேரிசெல். பிலிப்பைன்ஸ்காரி, ரெண்டு பிள்ளைக்குத் தாய். வெயிலுக்கு முடியை ஒட்டக் கத்தரிச்சுக்கிட்டா. அன்னைக்கு அவளுக்குத்தான் வழியனுப்பு விருந்து. நெட்டையா இருக்கிறவர் தெபோ, தென்னாப்பிரிக்கா. வெள்ளைக்காரன் பேரு எனக்கே சரியா ஞாபகம் இல்லை, அவன் வந்து ரெண்டு வாரம்தான் ஆச்சு.

என் வேலை எப்படின்னு நான் உனக்கு இதுவரை சொன்னதில்லை. ஸ்கூல் விட்டதும் பிள்ளைங்க எங்க சென்டருக்கு வருவாங்க. எட்டரை வரைக்கும் வகுப்பு. உதட்டை எப்படிக் குவிக்கணும், நாக்கை எங்கே வைக்கணும்னு காட்டிக் காட்டித் தாடை வலிக்கும். கீழே வந்தா பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வந்த அம்மாக்கள் என்னை ஒரு பார்வை பார்ப்பாங்க. பார்த்துட்டு ஆபீஸ் பொண்ணுகிட்டே மெதுவா கேப்பாங்க, "வெள்ளைக்கார டீச்சர் இல்லையா?" அந்த வாக்கியத்துக்கு மட்டும் இந்த ஊர் மொழி எனக்கு நல்லாப் புரியும்.

அது முடிஞ்சு வெறும் ரூமுக்குப் போக யாருக்கும் கால் வராது. சந்து முனையில ஒரு அக்கா நத்தை வறுத்துத் தருவாங்க. ரோட்டோரம் அந்தக் குட்டை முக்காலிதான். இங்கே கிழவன் கிழவி, போலீஸ்காரர், டாக்டர் எல்லாரும் அதுலதான் உக்காருவாங்க. ஒருத்தர் "ஒன்னு, ரெண்டு, மூணு"ன்னு எண்ணுவார், மூணுக்கு எல்லாரும் கத்திக்கிட்டே கிளாஸை முட்டணும். எங்க தலைமை டீச்சர் ஹான் அம்மா பேரன் பேத்தி எடுத்தவங்க. அவங்க ஒவ்வொருத்தர்கிட்டேயும் எழுந்து வந்து முட்டிட்டுப் போவாங்க. அவங்க நிக்கும்போது நாம கிளாஸைக் கீழே வெச்சா, வணக்கம் சொன்னவங்களுக்குப் பதில் வணக்கம் சொல்லாத மாதிரி.

ஆனா ஆயா, இங்கே எல்லா ராத்திரியும் வழியனுப்புத்தான். மூணு மாசம் ஒருத்தர், ஆறு மாசம் ஒருத்தர். விசா முடியும், போயிடுவாங்க. சனிக்கிழமைன்னா யாராவது ஒருத்தருக்குக் கிளாஸைத் தூக்கிட்டு, "திரும்பப் பார்ப்போம்"னு சொல்லிட்டு, பார்க்க மாட்டோம்னு தெரிஞ்சே வூட்டுக்கு வருவோம். அந்தப் போட்டோ எடுக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நானும் மேரிசெலும் கக்கூஸ் பக்கத்துல நின்னு கட்டிப் புடிச்சு அழுதோம். அதை யாரும் போட்டோ எடுக்கலை.

ரெண்டு கிளாஸ் குடிச்சேன். கசந்தது. பிடிச்சிருந்ததான்னு கேட்டா, பிடிச்சிருந்தது. அதுக்கும் பொய் சொல்ல மாட்டேன்.

நீ சொன்னா செய்வேன்னு எனக்குத் தெரியும். எனக்கு ஆறு வயசு. சாமிக்கண்ணு தாத்தா நம்ம வாசல்ல நின்னு "சொர்ணா, சொர்ணா"ன்னு கூப்பிட்டார். நீ தலையைத் தூக்காம முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டே இருந்தே. அவர் தெருமுனை திரும்புற வரைக்கும் அந்த முறச் சத்தம் நிக்கலை. என் பேரையும் அப்படி ஆக்கிடாதே ஆயா.

கயல்விழி


விருத்தாசலம்
3-11-2024

அடியே,

ஒரு பொய் சொல்ல உனக்கு என்ன கேடு வந்துச்சு?

நான் என்ன செஞ்சேன்னு கேளு. வளர்மதி கவரைக் கொண்டாந்து கையில குடுத்தப்ப எனக்கு அப்படி ஒரு தைரியம். என் பேத்தி எழுதியிருக்கா, அவ தப்பு செய்ய மாட்டான்னு நெஞ்சை நிமுத்திக்கிட்டு, பிரிக்காம நேரா பானுமதி வூட்டுக்குப் போனேன். கூடத்துல அவ, அவ மருமவ, நிச்சயம் ஆன அன்பரசி, நல்லூர்ல இருந்து வந்திருந்த அவ சம்மந்தி. அன்பரசி கையில குடுத்து, "சத்தமாப் படி, எல்லாருக்கும் கேக்கணும்"னு சொன்னேன். நான்தான் சொன்னேன். அவளும் பாச்சை உருண்டை வரைக்கும் நல்லாப் படிச்சா. அடுத்த வரியில நிறுத்திட்டு என்னைப் பார்த்தா. "படிடி"ன்னேன். "அது பியர்தான்"னு படிச்சா.

நான் கடுதாசியைப் பிடுங்கிக்கிட்டு வந்தேன். செருப்பை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்னு எங்க வாசப்படி ஏறினப்பத்தான் காலு சொல்லுச்சு. பானுமதி அந்தச் செருப்பைச் சாயங்காலம் வரைக்கும் அனுப்பலை. அனுப்பினப்ப, "அக்காவுக்கு மயக்கமா, சோடா வாங்கித் தரட்டுமா"ன்னு கேட்டு அனுப்பினா.

குடின்னா எனக்கு என்னன்னு உனக்கு முழுசாத் தெரியாது. உங்கப்பன் சொல்லியிருக்க மாட்டான், அவனுக்கு அவங்கப்பன் தெய்வம். கேட்டுக்கோ.

எங்கம்மா வீரம்மாள் செத்த பதினாறாம் நாளு, சேத்தியாத்தோப்புல கருமாதி. விடியக்காலையில இருந்து நான் அடுப்படியில. எங்கம்மாவுக்குப் புடிச்சது அத்தனையும் என் கையால செஞ்சு, தலைவாழை இலை போட்டு, விளக்கேத்தி, எங்கம்மாவைக் கூப்பிட்டு, "வாம்மா வந்து சாப்புடு"ன்னு கண்ணை மூடிக் கும்புட்டேன். சொத்துன்னு ஒரு சத்தம். கண்ணைத் திறந்தா உங்க தாத்தன் தங்கராசு இலைமேல குப்புறக் கிடக்கிறான். பஸ்ஸு இறங்கின இடத்துலயே ஊத்திக்கிட்டு வந்திருக்கிறான். எங்கம்மாவோட பாயசத்துல அவன் மூஞ்சி. விளக்கு சாஞ்சு எண்ணெய் ஓடுது. எங்கம்மா அன்னைக்குப் பசியோடதான் போனா. அந்த ஒரு நாளு போனா திரும்ப வருமா?

அன்னைக்கே முடிவு பண்ணினேன். அவன் செத்து பத்தொம்பது வருசமா தை அமாவாசைக்கு அவனுக்கு இலை போடறேன். வடை வைக்கிறேன், கருவாட்டுக் குழம்பு வைக்கிறேன். தண்ணி ஒரு சொம்பு. அவ்வளவுதான். ஊருல எல்லா வூட்டுலயும் குடிச்சவங்களுக்கு ஒரு கிளாஸு ஊத்தித்தான் படைக்கிறாங்க. நான் வைக்கலை, வைக்கவும் மாட்டேன். வருசா வருசம் பானுமதி வந்து, "பெரிய மாமாவுக்கு ஒரு வாய் வெச்சா என்னக்கா, ஆசையா குடிச்ச மனுசன்"ன்னு சொல்லுவா. தவிச்சுக் கிடக்கட்டும்.

அந்த வூட்டுல பொறந்துட்டு நீ கசந்தது, ஆனா பிடிச்சிருந்ததுன்னு எழுதுறே. அவனும் அப்படித்தான் ஆரம்பிச்சிருப்பான்.

இனிமே தொடலைன்னு கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணி எழுது. இல்லைன்னா முழுக்குத்தான்.

சொர்ணாம்பாள்


ஹுவே
1-12-2024

ஆயா,

என் கடுதாசியைச் சத்தமா படிக்க வெச்சியா?

நான் அதை உனக்கு எழுதினேன். உனக்கு மட்டும். நானும் மேரிசெலும் அழுததை நல்லூர் சம்மந்தி கேட்டிருந்தா? நல்லவேளை, நீ அதுக்கு முன்னாடியே பிடுங்கிட்டே. நீ பதறிப்போய் செருப்பை விட்டுட்டு வந்ததைப் படிச்சு முதல்ல சிரிச்சேன், அப்புறம் எனக்கு ஆத்திரம் வந்தது. பானுமதி சின்ன ஆயா போட்டோவைக் காட்டினது துரோகம்னா நீ செஞ்சதுக்கு என்ன பேரு?

தாத்தா இலைமேல விழுந்தது எனக்குத் தெரியாது. உன் கோபம் நியாயம். ஆனா விழுந்தது நான் இல்லை ஆயா. நான் குடிச்சுட்டு எங்கேயும் விழலை, யாரோட சோத்தையும் கெடுக்கலை. சத்தியம் பண்ணிட்டு அடுத்த மாசமே மீறிட்டு உனக்குத் தெரியாம இருக்கலாம். பாதிப்பேரு அப்படித்தான் இருக்காங்க. நான் பண்ண மாட்டேன்.

நவம்பர் இருபது இங்கே ஆசிரியர் தினம். உனக்கு இதைச் சொல்லியே ஆகணும். காலையில இருந்து பிள்ளைங்க பூவா கொண்டாந்து குடுத்துக்கிட்டே இருந்தாங்க. மேசை கொள்ளாம வாளியில போட்டு வெச்சேன். வெள்ளைக்கார டீச்சர் கேட்டாங்களே, அந்த அம்மாக்கள்ல ஒருத்தங்க வந்து ரெண்டு கையாலயும் ஒரு ஆரஞ்சுப் பையைக் குடுத்துட்டுத் தலை குனிஞ்சு நின்னாங்க. ராத்திரி எல்லாரும் பாட்டு ரூமுக்குப் போனோம். அது ஒரு கடை. மைக்கும் டிவியும் வெச்ச ரூமை வாடகைக்கு விடுவாங்க. ஹான் அம்மா செருப்பைக் கழட்டிட்டு சோபா மேல ஏறி நின்னு ஒரு காதல் பாட்டு பாடினாங்க. அவ்வளவு பெரிய மனுஷி அப்படிப் பாடி நான் பார்த்ததே இல்லை. அப்புறம் மைக்கை என் கையில திணிச்சாங்க. தமிழ்ப் பாட்டு அந்த மெஷின்ல இல்லை. நான் மியூசிக் இல்லாம நீ நாத்து நடும்போது பாடுவேன்னு சொல்லிப் பாடிக் காட்டுவியே, அதைப் பாடினேன். யாருக்கும் ஒரு வார்த்தை புரியலை. தெபோ மட்டும் கையால தாளம் போட்டார். அன்னைக்கு நான் ஒரு கிளாஸ் குடிச்சேன். என் வாழ்க்கையில நல்ல நாள் எதுன்னு கேட்டா அதுவும் ஒன்னு.

இதுக்கு மேல என்கிட்டே எழுத ஒண்ணும் இல்லை. முழுகணும்னா முழுகு.

கயல்விழி


விருத்தாசலம்
2-1-2025

கயலுக்கு,

முழுகுன்னு எனக்கே சொல்றியா. சாமிக்கண்ணுகூட அப்படிச் சொல்லலை. அவன் வாசல்ல வந்து நின்னான்.

உன் கடுதாசியை இந்தத் தரம் நான் மட்டும்தான் படிச்சேன். அரிசிப் பானைக்குள்ள வெச்சிருக்கேன்.

நடவுப் பாட்டை ராத்திரியில, கடையில, கிளாஸுக்கு நடுவுல பாடினியாமே. அந்தப் பாட்டு எங்கம்மா பாட்டுடி. மூணாவது அடியை எப்பவும் தப்பாத்தான் பாடுவே, அங்கேயும் தப்பாத்தான் பாடியிருப்பே.

மாசி மகம் மார்ச்சு பன்னெண்டு. பானுமதி காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்காளாம். வர்றவங்க போறவங்ககிட்டே எல்லாம், "எங்கக்கா பேத்திக்கு முழுகப் போறாங்க"ன்னு சொல்லிக்கிட்டு இருக்கா. நான் சொன்ன சொல்லுல இருந்து இதுவரைக்கும் இறங்கினது இல்லை.

ஜனவரி கடைசியில தை அமாவாசை. வடை தட்ட நீ இல்லை.

சொ.


ஹுவே
31-1-2025

ஆயா,

இனிமே எழுத மாட்டேன்னு நெனைச்சேன். ஆனா முந்தாநாள் நான் ஒண்ணு செஞ்சுட்டேன். இதை உனக்குச் சொல்லாம இருந்தா அதுதான் பெரிய தப்பு. படிச்சு முடிக்கிற வரைக்கும் கிழிக்காதே.

இங்கே இப்ப புத்தாண்டு. நம்ம தை அமாவாசை அன்னைக்கே வந்தது. ஊரே பூட்டிக் கிடக்குது. டீச்சருங்க எல்லாம் எங்கெங்கேயோ கிளம்பிப் போயிட்டாங்க. கிளாஸ் முட்ட ஆள் இல்லை, சந்து முனை அக்காகூட நத்தைச் சட்டியைக் கழுவிக் கவுத்துட்டுப் போயிட்டாங்க. நான் ரூம்ல நூடுல்ஸ் வெச்சுத் தின்னுட்டுப் படுத்திருந்தேன். கீழ் வூட்டுக்காரங்க, எனக்கு ரூம் குடுத்திருக்கிற லான் ஆயா, மேலே வந்து கதவைத் தட்டினாங்க. வயசு உன் வயசு இருக்கும். என் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுக் கீழே போனாங்க.

கூடத்துல செத்தவங்களுக்கு ஒரு மேடை. போட்டோ, ஊதுபத்தி, கோழி, ஒட்டரிசி உருண்டை, பழம். அப்படியே நம்ம படையல் ஆயா! அவங்க புருஷன் போட்டோவுக்கு முன்னாடி ஒரு சின்னப் பீங்கான் கிண்ணம் வெச்சு அரிசிச் சாராயம் ஊத்தினாங்க. ஊத்தும்போது திட்டிக்கிட்டே ஊத்தினாங்க. இந்த ஊர் பேச்சு எனக்கு அரைகுறைதான். ஆனா அந்தத் திட்டு எனக்கு வரிக்கு வரி புரிஞ்சது. மூக்கை உறிஞ்சுக்கிட்டு, மடியில இல்லாத தூசியைத் தட்டுற மாதிரி தொடையைத் தட்டிக்கிட்டு. அதே உன் குரல்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "உங்க வூட்டுச் செத்தவங்க யாரு? அவங்களை ரூம்ல தனியா விட்டுட்டு வந்தியா?"ன்னு கேட்டாங்க. என்கிட்டே தாத்தா போட்டோ போன்ல மட்டும்தான் இருந்தது. அவர் வேலை பார்த்த பீங்கான் சூளை வாசல்ல தோள்மேல என்னைத் தூக்கி வெச்சிருக்கிற போட்டோ. போனை மேடையில சாத்தி வெச்சோம். ஸ்க்ரீன் அணைஞ்சு அணைஞ்சு போச்சு. ஒவ்வொரு தரமும் லான் ஆயா எட்டி விரலால தட்டித் தாத்தாவை எழுப்பி விட்டாங்க.

இன்னொரு கிண்ணம் எடுத்தாங்க. விளிம்புல சின்னதா ஒரு கீறல். தாத்தா பார்த்திருந்தா அதைத் தள்ளி வெச்சிருப்பார். சாராயப் பாட்டிலை என் கையில குடுத்தாங்க. "இவருக்கு வேணாம்"னு சொல்ல எனக்கு வாய் வரைக்கும் வந்தது. சொல்லலை. ஊத்தினேன். ரொம்ப ஊத்தினேன், வழிஞ்சு மேடை விரிப்பு நனைஞ்சுடுச்சு. "தாத்தா, வாங்க"ன்னு கூப்பிட்டேன்.

நீ பத்தொம்பது வருஷமா வைக்காததை நான் வெச்சுட்டேன். இதுக்கு நீ என்ன செஞ்சாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்.

அன்னைக்கு நான் குடிக்கலை. அதையும் சொல்லிடறேன். ஏன்னு தெரியலை.

கயலு


விருத்தாசலம்
15-3-2025

கயலு,

உன் கடுதாசி பிப்ரவரி இருபதாம் தேதி வந்துச்சு. உடனே பதில் போடலை. போட முடியலை. என்ன நடந்துச்சுன்னு வரிசையாச் சொல்றேன், கேளு.

தை அமாவாசை அன்னைக்கு இலை போட்டேன். எப்பவும் போல வடை, கருவாட்டுக் குழம்பு, தண்ணிச் சொம்பு. மாடியில கொண்டு போயி காக்காவுக்கு வெச்சுட்டு, "கா கா"ன்னு கூப்பிட்டேன். வரலை. பத்தொம்பது வருசத்துல நான் சோத்தைக் கீழே வைக்கிறதுக்கு முன்னாடி கைப்பிடிச் சுவத்துல வந்து உக்காந்துடும். அன்னைக்கு ஒரு காக்காகூட இல்லை. உங்கப்பன் கூப்பிட்டான், உங்கம்மா கூப்பிட்டா. காக்கா தின்னாத்தானே நாம சாப்பிட முடியும், எல்லாரும் பசியோட மாடியில நிக்கிறோம். பக்கத்து மாடியில பானுமதி வூட்டு இலையில மூணு காக்கா கொத்துது. அவ எங்க பக்கம் திரும்பி, "என்னக்கா, பெரிய மாமாவுக்குக் கோவமா?"ன்னு கேட்டா. வெயிலு உச்சிக்கு வந்ததுக்கு அப்புறம் ஒரு நொண்டிக் காக்கா வந்து, வடையில ஓரத்தை மட்டும் கடிச்சுப் பார்த்துட்டுப் பறந்து போச்சு. அந்த மனுசனுக்கு என்னவோ ஆயிடுச்சுன்னு எனக்கு மூணு வாரம் தூக்கம் இல்லை.

அப்புறம்தான் உன் கடுதாசி வந்துச்சு.

படிச்சுட்டு அப்படியே அடுப்படியில தரையில உக்காந்துட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைஞ்சது தெரியலை. உங்கப்பன்கிட்டே கேட்டேன், "அந்த ஊருல நமக்கு முன்னாடி விடியுமா, பின்னாடி விடியுமா?" முன்னாடின்னான். ஒன்றரை மணி நேரமாம். அப்ப என்ன ஆச்சு? நான் இங்க உளுந்து ஆட்டிக்கிட்டு இருக்கிறப்பவே அவன் அங்க போயி உக்காந்துட்டான்! வயிறு முட்டக் குடிச்சுட்டான். நான் "வா வா"ன்னு கூப்பிட்டப்ப அவன் எங்கே வருவான்? எழுந்திருக்கவே முடிஞ்சிருக்காது. உயிரோட இருக்கிறப்ப கடலூரைத் தாண்டாதவன், செத்து, ஒரு கிண்ணத்துக்காகக் கடலைத் தாண்டிட்டானே! பத்தொம்பது வருசம் நான் கட்டி வெச்சிருந்தேன். நீ ஒரு நாள்ல அவுத்து விட்டுட்டே.

ஆத்திரம் தாங்கலை. மகத்துக்கு முழுகுறது உறுதின்னு உங்கம்மாகிட்டே சொல்லிட்டேன். அவ அழுதா.

ஆனா ராத்திரி படுத்தா அந்த லான் பொம்பளைதான் வந்தா கண்ணுக்குள்ள. திட்டிக்கிட்டே ஊத்தினாளாமே. அது எனக்குத் தோணவே இல்லையே. வைக்காம இருந்தாத்தான் கோவம்னு இத்தனை வருசம் வாயை மூடிக்கிட்டு இலை போட்டிருக்கேன். வெச்சுட்டே திட்டலாம் போலிருக்குது. வைக்காம அவனை எப்படித் திட்டுறது, அவன்தான் வந்தும் வராத மாதிரி போயிடறானே.

மகத்தன்னைக்கு ஆத்துக்குப் போனேன். ஜனம் அலைமோதுது. சாமியெல்லாம் இறங்கி நிக்குது. தண்ணி முழங்காலுக்குத்தான், பள்ளம் பார்த்து உக்காந்தாத்தான் தலை முழுகும். பள்ளத்துல உக்காந்து கிழக்கே பார்த்தேன். பேரை மூணு தரம் சொல்லி முழுகணும். "க"ன்னு வாய் எடுத்தேன். பக்கத்துல, "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புக்கா, வெயிலு எதிர்ல அடிக்குது"ன்னு ஒரு குரல். பார்த்தா பானுமதி. பொடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டுத் தண்ணியில நிக்கிறா. கையில போனு. படம் புடிக்கிறா கயலு! நான் என் பேத்தியைத் தலை முழுகுறதைப் படம் புடிச்சு குரூப்புல போட வந்து நிக்கிறா!

எழுந்து போயிடலாம்னு பார்த்தேன். முழுகறேன்னு சொல்லித் தண்ணியில உக்காந்துட்டு முழுகாம எழுந்திரிச்சா அது ஆத்துக்கு அவமரியாதை. சொன்ன சொல்லும் போச்சு. யாருக்காவது முழுகித்தான் ஆகணும்.

முழுகினேன். சத்தமாச் சொன்னேன், கரையில நிக்கிற ஐயருகூடத் திரும்பிப் பார்த்தாரு. "பானுமதி, பானுமதி, பானுமதி"ன்னு மூணு முழுக்கு. எழுந்து தலையை உதறிப் பார்த்தா அவ இன்னும் போனைப் புடிச்சபடி நிக்கிறா, கை மட்டும் இறங்கலை. எல்லாம் பதிஞ்சிருக்குது. அவ பேரன் நந்தகுமார் அதைக் குரூப்புல போட்டுட்டானாம். அன்பரசிகூடச் சிரிச்சாளாம். இப்ப ரெண்டு வூட்டுக்கும் பேச்சு இல்லை. அந்தச் சாம்பார் கறைக்கு இப்பத்தான் கணக்கு முடிஞ்சுது.

நீ குடிக்கிறதை நான் ஒத்துக்கிட்டேன்னு நெனைச்சுடாதே. குடிச்சேன்னு எழுதினா இன்னமும் திட்டுவேன். பொய் எழுதினா அதுக்கும் திட்டுவேன்.

ஒண்ணு சொல்லிடறேன், மறந்துடாதே. நாளைக்கு நான் போயிட்டா உங்கப்பன் கேட்டரிங்காரன் குடுக்கிறதை இலையில வெச்சுட்டு, வாட்சைப் பார்த்துட்டு எழுந்துடுவான். எனக்கு எது புடிக்கும்னு அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நீ எந்த ஊருல இருந்தாலும் எனக்கு ஒரு இலை போடு. மசால் வடை, மொறுமொறுன்னு. டீ, சர்க்கரை தூக்கலா, ஆவி பறக்க. அவன் கிண்ணத்தையும் வை, வேணாங்கலை. ஆனா என் இலைக்குப் பக்கத்துல வைக்காதே. ரெண்டு முழம் தள்ளி வை. ஊத்துறப்ப திட்டு. முணுமுணுன்னு திட்டாதே, நல்லா வாய் விட்டுத் திட்டு. எனக்குக் கேக்கணும்.

உன் ஆயா
சொர்ணாம்பாள்